ஒட்டிப்போன கட்டு

"ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் அம்மா. மூணு மாசமா என் உயிரை வாங்குது."

சொன்னவர் கோமதிநாயகம். முப்பது வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அகராதி எழுதுகிறார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஆவுடையம்மா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆற்றங்கரையில் மடம் வைத்திருக்கிறாள். உபதேசம் கிடையாது. வருகிறவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் அங்கே பூஜை. நான் பார்த்தவரைக்கும் அந்தக் கைக்கு ஈடான கை கிடையாது.

"என்ன சொல் சார்?"

"ஜென்டில். மென்மையான, சாந்தமானன்னு அர்த்தம். ஆனா ஆதியில அது இல்ல. நல்ல குடும்பத்துல பிறந்த, அவ்வளவுதான். பிறப்புக்கும் மென்மைக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் பார்த்த பெரிய வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சுத்த முரடனுங்க!"

ஆவுடையம்மா ஒரு செம்பு இளவெந்நீரை அவர் கையில் கொடுத்தாள்.

"மாடத்திக்குக் கட்டுப் பிரிக்கணும். வாங்க."

மாடத்தி வடை சுட்டு விற்கிறவள். கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டிவிட்டது. கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. இன்றைக்குப் பிரித்து மருந்து வைக்காவிட்டால் கால் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் அடுப்பு முன்னால் எப்படி நிற்பாள்? சோறு போட வேறு நாதி இல்லை.

கோமதிநாயகம் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் துணியின் நுனியைப் பிடித்தார். சட்டென்று இழுத்தால் ஒரு நொடி வலிதானே என்று நினைத்தார்.

இழுத்தார்.

"ஐயோ! கட்டையில போறவனே! படிச்ச மனுஷனா நீ?" மாடத்தி காலைச் சுருட்டிக்கொண்டாள். "கால் போனாப் போகட்டும். இனி ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது!"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"நீங்களே பிரிச்சிடுங்கம்மா."

"இல்ல சார். நீங்க பயமுறுத்தின கால். நீங்கதான் சமாதானம் பண்ணணும்."

"எப்படி?"

"இந்த மடத்துல கட்டுத்துணியை யாரும் இழுக்கிறதில்ல. நனைப்போம். அதுவா விடும்."

"எவ்வளவு நேரம்?"

"அது விடுற வரைக்கும்."

கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்தார்.

"துணியைத் தொடவே மாட்டேன் தாயி. தண்ணி மட்டும் விடுறேன்."

மாடத்தி நெடுநேரம் முறைத்தாள். அப்புறம், போனால் போகிறதென்று காலை நீட்டினாள்.

சொட்டுச் சொட்டாக விட்டார். செம்பு தீர்ந்தது. ஆவுடையம்மா இன்னொன்று கொண்டுவந்தாள். வேட்டி நனைந்தது. முட்டி கடுத்தது. அகராதி ஞாபகமே அவருக்கு வரவில்லை. வடைக்கு உளுந்து எவ்வளவு நேரம் ஊறணும் என்று மாடத்தி சொல்ல ஆரம்பித்தாள். உம் கொட்டிக்கொண்டே நீர் விட்டார்.

நாலாவது செம்பில் துணி வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் பேச்சுக்கூட நிற்கவில்லை.

"ஆமா, எப்பய்யா பிரிக்கப் போற?" என்றாள் கடைசியில்.

அவர் துணியை எடுத்துக் காட்டினார்.

மாடத்தி துணியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தவரின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"வலிக்கவே இல்லையே! எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ நீ!"

மூணு மாசமாகத் தேடிய விடை காதில் விழுந்ததுபோல, கோமதிநாயகம் திடுக்கிட்டு ஆவுடையம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அடுத்த ஆளுக்கு வெந்நீர் வைக்கப் போயிருந்தாள்.