பரிமாறுகிறவரின் இலை

"எவ்வளவு சாப்பிடுவது?" என்று ஒரு சீடர் தன் குருவிடம் கேட்டார். கேட்டவர் பல வருஷமாக ஊருக்கெல்லாம் சோறு போட்டவர். வேடிக்கைதான். ஆனால் அவர் கேட்டபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மலையைச் சுற்றிப் போகிற பாதையில் மடங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்று சின்ன மடம். தினமும் மதியம் அன்னதானம். பரிமாறுகிறவர் பெயர் தனகோட்டி. அந்தக் கேள்வியைக் கேட்ட சீடர் இவர்தான்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் கை அப்படி. அவர் இலையைப் பார்க்க மாட்டார், ஆளைப் பார்ப்பார். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு விழும். இருமிக்கொண்டு வருகிற கிழவருக்கு ரசம் முதலில் வரும். தொப்பை முட்ட உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரர் பாயசத்துக்குத் தொன்னையை நீட்டினால், "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வரவே மாட்டார். பந்தி எழுந்த பிறகு பார்த்தால் இலைகளில் சோறும் மிஞ்சியிருக்காது, ஆட்களுக்குப் பசியும் மிஞ்சியிருக்காது.

மடத்தின் தலைவி நீலாம்பிகை, அவர்தான் குரு. பழைய சாமி போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். சீடரைவிடப் பத்து வயசு சின்னவர். அவர் தனகோட்டியை அண்ணே என்பார், தனகோட்டி அவரை அம்மா என்பார். இதில் அங்கே ஒருவருக்கும் குழப்பம் இல்லை.

தனகோட்டிக்கு ஒரே தங்கை, பச்சையம்மா. அவளுக்கு ஈரல் கெட்டுப்போனது. வேறொருவர் ஈரலில் ஒரு பாகத்தை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். புருஷனுடையது சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. கையெழுத்துப் போடப் பேனாவையே கேட்டு வாங்கிவிட்டார் தனகோட்டி.

டாக்டர் போட விடவில்லை.

"உங்க ஈரல் பூராவும் கொழுப்பு. இதை வெட்டி வச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. எடையைக் குறைச்சிட்டு வாங்க."

"எவ்வளவு நாள் இருக்குது சார்?"

"அவங்க தாங்குற வரைக்கும்."

மறுநாள் விடியற்காலையிலேயே தனகோட்டி மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டார். வெறுங்கால், முழுச் சுற்று. திரும்பி வரும்போது துண்டைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். அவ்வளவு நடந்தவருக்குப் பசிக்காதா? நன்றாகவே பசித்தது.

இங்கே மடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பந்திக்கு முந்து என்பார்கள். அது பரிமாறுகிறவருக்குச் சொன்னதில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, அடுக்களையில் நின்றபடியே, அண்டாவில் மிஞ்சியதைத்தான் அவர் சாப்பிட வேண்டும். ஒரு பருக்கைகூடச் சாக்கடைக்குப் போகக் கூடாது. கூட்டம் நெரிந்தால் அண்டா காலியாகிவிடும், தனகோட்டி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மழை பெய்து ஆள் வராத நாளில் நாலு பேர் சோறு அவர் ஒருவர் வயிற்றுக்குள் போகும். யாராவது கேட்டால், "அன்னத்தை வீணாக்கலாமா?" என்பார். இதற்கு யார் என்ன பதில் சொல்வது?

நடக்கத் தொடங்கியதும் அண்டா இன்னும் பளிச்சென்று வழிக்கப்பட்டது.

"அவ்வளவு தூரம் நடந்துட்டு வர்றேன். இது எம்மாத்திரம்?" என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து எடை பார்த்தார்கள். ஏறியிருந்தது.

"நடந்தேன் சார். சாமி சத்தியமா நடந்தேன்."

"நடக்கலைன்னு நான் சொல்லலையே," என்றார் டாக்டர்.

தங்கையைப் பார்க்கப் போனார். கண் மஞ்சளாக இருந்தது. வயிற்றில் நீர் கோத்து உப்பியிருந்தது.

"என்னண்ணா, நீயும் தொப்பை போட்டுட்ட, நானும் போட்டுட்டேன்," என்றாள் பச்சையம்மா.

சிரிப்பதற்குத்தான் சொன்னாள். தனகோட்டி வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். இவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். தன் நாக்கே அவளைக் கொல்லப் போகிறது என்று நினைத்தார்.

பிறகு அண்டா பக்கமே போகவில்லை. மிஞ்சியது என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் முழுச் சுற்று, சாயங்காலம் இன்னொரு சுற்று. ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான் ஒரு நாள் சாப்பாடு. வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். "இளைச்சிட்டீங்களே" என்று யாராவது சொன்னால் முகம் மலர்ந்தது.

நீலாம்பிகை ஒரு நாள் நிறுத்திக் கேட்டார்.

"டாக்டரைக் கேட்டுத்தான் இப்படி இருக்கீங்களா அண்ணே?"

"கேட்டா சாப்பிடச் சொல்வாரும்மா."

"அதனால?"

"கேட்கலை."

"போய்க் கேளுங்க."

தனகோட்டி தலையாட்டினார். போகவில்லை.

அந்த வாரமே பந்தி நடுவில் சாம்பார் வாளியோடு விழுந்தார். நல்ல வேளை, யார் மேலும் கொட்டவில்லை. வாளி மட்டும் வாசல் வரைக்கும் உருண்டு போனது.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எடை குறைஞ்சிருக்கு. எது குறைஞ்சதுன்னு தெரியுமா? சதை. ரத்தமும் இல்லை உடம்புல. இப்படிப் பட்டினி கிடந்தாலும் ஈரல் கெடும். இந்த உடம்பு மேல நான் கத்தி வைக்க மாட்டேன். ஒழுங்கா சாப்பிட்டு ஒழுங்கா நடந்துட்டு வாங்க. சீக்கிரம் வாங்க."

ஒழுங்காக என்றால் எப்படி? டாக்டர் சொல்லத்தான் செய்தார், இதைத் தின்னு, அதைத் தின்னாதே என்று. தனகோட்டியின் காதில் 'சீக்கிரம்' மட்டும்தான் விழுந்தது. மடத்துக்குத் திரும்பி நேராகக் குருவிடம் வந்தார்.

"அம்மா, சாப்பிட்டா ஏறுது. சாப்பிடாட்டி விழறேன். நடந்தா பசிக்குது. நடக்காட்டி கொழுப்பு போக மாட்டேங்குது. நான் எவ்வளவுதான் சாப்பிடறது? பச்சையம்மா செத்துருவாம்மா."

உடம்பு தேற நீலாம்பிகை நாலைந்து நாள் கஞ்சியும் படுக்கையும் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள், "இன்னைக்குக் காலையில நடந்துட்டு வாங்க. மெதுவா," என்றார். மதியம், "பந்திக்கு வாங்க," என்றார்.

ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனகோட்டி பரிமாறிக்கொண்டே வந்தார். வரிசைக் கடைசியில் நீலாம்பிகை தன் கையால் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"இதுக்கு ஆள் இல்லையேம்மா."

"வருவாங்க. பரிமாறி வைங்க."

"ஆளைப் பார்க்காம எப்படிம்மா பரிமாறுறது?"

"நான் சொல்றேன். ஆம்பளை. வயசு நாற்பத்தஞ்சு."

"வெயில்ல வேலை செய்றவரா?"

"இல்லை. காலையில மலையைச் சுத்திட்டு வந்திருக்கார்."

"சாயங்காலமும் நடப்பாரா?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"வியாதி ஏதாச்சும்?"

"ஈரல்ல கொழுப்பு. போன வாரம் பட்டினியில மயங்கி விழுந்தார்."

தனகோட்டியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பரிமாறுங்க அண்ணே. இலை காயுது."

தனகோட்டி பரிமாறினார். சோறு ஒரு கரண்டி வைத்தார். கொஞ்சம் யோசித்து இன்னும் பாதி வைத்தார். பருப்பு தாராளமாக. கீரை இரண்டு கரண்டி. சுண்டல். ரசம், மோர். அப்பளத்தைத் தொடவில்லை. பாயச வாளி வந்தபோது, "இதோ வர்றேன்" என்று வாய் தானாகச் சொன்னது.

"உக்காருங்க," என்றார் நீலாம்பிகை.

"பரிமாறுறவன் பந்தியில உக்காரக் கூடாதும்மா. வழக்கம்."

"வழக்கத்தை நான் பார்த்துக்கறேன்."

தனகோட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சித்தாள் பெண் சற்று நகர்ந்து இடம் விட்டாள். மடத்துக்கு வந்ததிலிருந்து அவர் இலையில் சாப்பிட்டதே இல்லை. முதல் கவளத்தை வாயில் வைக்கக் கூச்சமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சாப்பிட்டார். இலை காலியானபோது பசியும் இல்லை, வயிறும் கனக்கவில்லை.

எழுந்து கை கழுவிவிட்டு அடுக்களைக்குப் போனார். அண்டாவின் அடியில் ரெண்டு கரண்டி சோறு கிடந்தது. பழக்கம் விடுமா? கை போய்விட்டது.

பின்னாலேயே நீலாம்பிகை வந்து நின்றார்.

"மிஞ்சிருச்சேம்மா. வீணாப் போகுமே," என்றார் தனகோட்டி.

"அண்ணே, உங்க தங்கச்சி நம்ம மடத்துக்குச் சாப்பிட வந்தா இலை போட்டுப் பரிமாறுவீங்களா, அண்டாவை வழிச்சுப் போடுவீங்களா?"

"இதென்னம்மா கேள்வி? இலை போடாம எப்படி?"

"இத்தனை வருஷமா அண்டாவை வழிச்சுப் போட்டு வளர்த்த ஈரல். அதைத்தானே அவங்களுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

தனகோட்டி கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் உலையில் கொஞ்சம் அரிசி குறைந்தது. வீணாவதற்கு வழி அங்கேயே அடைபட்டது. இது ஏன் இத்தனை காலம் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால், வழித்துச் சாப்பிட ஓர் ஆள் இருந்தார், அதனால் தோன்றவில்லை.

அதன் பிறகு தினமும் வரிசைக் கடைசியில் ஓர் இலை. காலையில் ஒரு சுற்று நடை. எடை ஆமை மாதிரி இறங்கியது. நடுவில் ஒரு முறை பச்சையம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று போன் வந்தது. அன்று தனகோட்டி பந்திக்கு வர மறுத்தார். "தொண்டையில இறங்காதும்மா. இன்னொரு சுற்று போயிட்டு வந்துடறேன்," என்றார். நீலாம்பிகை வாதாடவில்லை. இலையைப் போட்டார், தண்ணீர் தெளித்தார், பக்கத்தில் நின்றார். தனகோட்டி அழுதுகொண்டே தனக்குப் பரிமாறிக்கொண்டார். அளவு மாறவில்லை.

பச்சையம்மாவுக்கு நினைவு திரும்பியது. அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டர் ஈரலின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அப்புறம் பேனாவைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஆறேழு மாதம் போயிற்று. பச்சையம்மா மடத்துக்கு வந்தாள். கண்ணில் மஞ்சள் இல்லை. பந்தியில் உட்கார்ந்தாள். தனகோட்டி அவளையே பார்த்துப் பரிமாறினார். "போதும்ணா" என்று அவள் சொல்வதற்கு முன்பே கரண்டி நின்றது.

அன்று பந்தி முடிந்ததும் நீலாம்பிகை அடுக்களைப் பக்கம் வந்தார். தனகோட்டி நின்றபடி அண்டாவைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தார்.

"இலை எங்கே அண்ணே?"

"அதான் முடிஞ்சுதேம்மா. அவளுக்காகத்தானே இலை போட்டுச் சாப்பிட்டேன். அவளுக்குச் சேர வேண்டியதைக் குடுத்தாச்சு."

"முழுசையும் குடுத்துட்டீங்களா?"

"முழுசும் எப்படிம்மா குடுக்க முடியும்? ஒரு பாதிதான்."

"மீதிப் பாதி யாருகிட்ட இருக்குது?"

தனகோட்டி அண்டாவை நிமிர்த்தி வைத்தார். அடுக்களை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பச்சையம்மா எழுந்து போய் ஓர் இலையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.