கழுதைப்புலி வளர்த்த கங்கு

அல்லிக்குளத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் தண்ணீர் குடிக்க ஒரு துறை உண்டு. கழுதைப்புலிக்கும் இருந்தது. ஒரு கோடையில் அது தண்ணீர் குடிக்க வந்த மான்குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. மறுநாளே யானைகள் அதன் துறையை முள்போட்டு அடைத்தன. அதனோடு யாரும் பேசவும் கூடாது என்றன. தண்டனை சரிதான். ஆனால் திரும்பி வர என்ன வழி என்று யாருமே சொல்லவில்லை.

குகையில் இரண்டு குட்டிகளோடு கிடந்த கழுதைப்புலிக்கு, தூரத்தில் யானை நடந்தாலே நெஞ்சு அதிர்ந்தது. இன்று துறையை அடைத்தவர்கள் நாளை குகையை இடித்தால்?

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. கிழங்கு திருடியதற்காக அதையும் அதன் காடு தள்ளிவைத்திருந்தது. பல் தீட்ட அதற்கு எலும்பு வேண்டும், யாரும் தரவில்லை. கழுதைப்புலியின் வாசலிலோ எலும்பு குவிந்து கிடந்தது. இரண்டுக்கும் ஆகாதுதான். ஆனால் வேறு யார் வாசலில் போய் நிற்பது?

கழுதைப்புலியின் வாசலுக்கு வந்து முள்ளம்பன்றி குரலைத் தாழ்த்தியது. போன வருடக் காட்டுத்தீ இன்னும் அணையவில்லையாம். மண்ணுக்கடியில் ஒரு வேருக்குள் கங்காகக் கனன்றுகொண்டிருக்கிறதாம். காய்ந்த சாணத்தில் பொதிந்தால் நாள்கணக்கில் சாகாதாம். எலும்புக்குக் கங்கு என்று பேரம் முடிந்தது.

ஒரு நண்பகலில் கழுதைப்புலி அந்தக் கங்கில் ஒரு துண்டைக் குளக்கரைச் சருகில் போட்டு ஊதியது. அம்மாடி! பனை உயரத்துக்கு எழுந்தது நெருப்பு. மரத்தை வேரோடு சாய்க்கும் கொம்பன் யானை நாலடி பின்வாங்கியது. ஊதிய கழுதைப்புலியே பின்னால் துள்ளியது. இவ்வளவு பெரியதையா குட்டிகளின் பக்கத்தில் வைத்திருந்தோம் என்று நினைத்தது.

மறுநாள் துறையில் முள் இல்லை; யானைகளே எடுத்துவிட்டிருந்தன. கழுதைப்புலி வயிறு நிறையக் குடித்துவிட்டு நிமிர்ந்தது. எதிர்ச்சரிவில், செந்நாய்களின் பாறையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

முள்ளம்பன்றியிடம் ஓடியது. "செந்நாய்க்குமா குடுத்தே? அந்தச் சரிவுலதானே என் குட்டிங்க விளையாடுது!"

"அவங்களையும்தானே ஒதுக்கி வெச்சிருக்காங்க. அவங்ககிட்டயும் எலும்பு இருக்கு, அண்ணே," என்றது முள்ளம்பன்றி, கடிப்பதை நிறுத்தாமல்.

அன்றிலிருந்து கழுதைப்புலி ஒரு கண்ணைத் தன் கங்கின்மேலும் மறு கண்ணை எதிர்ப்புகையின்மேலும் வைத்தபடி குகையிலேயே கிடந்தது. குட்டிகள் கங்கின் புகையில் இருமின. திறந்து கிடந்த துறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அதற்குத் துணிவு வரவில்லை.

திரும்ப வழிவிடாமல் ஒதுக்கினால் ஒதுக்கப்பட்டவர்கள் கூடித் தீயைத் தேடுவார்கள். பயத்துக்குக் காவலாக வளர்த்த தீயோ பயத்தையே வளர்க்கும்.