பஞ்சாங்கம் தின்ற கரையான்கள்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சியைப் பொய்யர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நடந்ததைத்தான் சொல்லத் தொடங்குவார். சொல்லச் சொல்ல, நடந்தது அவருக்குப் போதாமல் போய்விடும். அவ்வளவுதான்.

சர்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் அளக்கப் போன ஊரிலெல்லாம் பழைய புத்தகங்களை வாங்கிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மாடியில் அடுக்களை போக இரண்டு அறை. ஒன்றில் புத்தகம். இன்னொன்றிலும் புத்தகம்தான், நடுவில் அண்ணாச்சியும் அவர் மனைவி செண்பகவடிவு மதினியும் ஒதுங்கிக் கிடப்பார்கள். கீழ் வீட்டில் நாங்கள், அதுவும் வாடகைக்குத்தான். அவர் மேலே ஒரு புத்தகத்தை நகர்த்தினால் எங்கள் சாம்பாரில் சுண்ணாம்பு விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முறம் அகலத்துக்கு மச்சுக்காரை பேர்ந்து என் தலையணை மேல் விழுந்தது. நல்லவேளை, நான் பல் தேய்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் தாண்டவராயனுக்குப் போன் போட்டேன். ரைஸ்மில் வைத்திருப்பவர். மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வார். வந்தார், தலையணையைப் பார்த்தார், மச்சைப் பார்த்தார். நேரே மாடிப்படி ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"ஆவுடையப்பன், இந்த மாசக் கடைசிக்குள்ள புத்தகத்தை எல்லாம் வெளியேத்தும். இல்லன்னா நீரும் சேர்ந்து வெளியேறும். மச்சு தாங்கல."

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அதற்குள் பழைய ஆளாகிவிட்டார்.

"உக்காரும்வே, பேசுவோம்" என்றார். உட்கார இடமில்லை. நின்றோம்.

"கனம்னா சொல்லுதீரு? புதுப் புத்தகம்தான் கனம். பழசாக ஆக ஈரம் வத்தி, மை வத்தி, பஞ்சாப் போயிரும். அந்தா மேல்தட்டுல ஒரு வைத்தியப் புத்தகம் இருக்கு பாத்தீரா? போன ஆடியில தெரியாம ஜன்னலைத் திறந்துட்டேன். காத்துக்கு எந்திரிச்சிப் பறந்துட்டு! சமாதானபுரம் தாண்டி ஒரு முருங்கை மரத்துல போய் உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கு. காக்காயெல்லாம் சுத்திச் சுத்திக் கத்துது."

"பொறவு?" என்றேன்.

"பொறவென்ன தம்பி, கீழ நின்னுக்கிட்டு இன்னொரு புத்தகத்தை விரிச்சுக் காட்டினேன். சோடின்னு நெனச்சு எறங்கி வந்துட்டு. அன்னையில இருந்து கயிறு போட்டுத்தான் கட்டி வச்சிருக்கேன்."

வீட்டுக்காரர் கயிற்றைத் தேடினார். கயிறு இருந்தது. அதில் மதினி துணி காயப்போட்டிருந்தார்.

"சரி, பறக்கதை ஜன்னல் வழியா அனுப்பிரும். பறக்காததைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போடும்."

"பழைய பேப்பரா!" என்றார் அண்ணாச்சி. துணியில் சுற்றியிருந்த ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். முகத்தருகே கொண்டுபோய் மோந்தார். கொஞ்ச நேரம் எங்களை மறந்தே போனார். பிறகு, "மோந்து பாரும்" என்று நீட்டினார்.

வீட்டுக்காரர் மோந்து பார்த்துத் தும்மினார்.

"தென்காசிச் சந்தையில கடலை வாங்குதேன். பொட்டலத்தைப் பிரிச்சா, உலகத்துல எங்கயுமே இல்லாத நூலோட நடுப்பக்கம்! கடலைக்காரியைக் கேட்டா, மிச்சப் பக்கத்துலதான் இனிமே மடிச்சு விக்கணுங்கா. விட்டேனா? பொட்டலம் பொட்டலமா வாங்கித் தின்னு பக்கத்தைச் சேர்த்தேன்."

"திங்காம வாங்கக் கூடாதாவே?"

"அவ ரோசக்காரி. என் கடலையைத் தூரப் போடவா வாங்குதீரு, முன்னால நின்னு தின்னு முடிச்சாத்தான் அடுத்த பொட்டலம்னுட்டா. எல்லாம் சேர்ந்துட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் காணல. கொல்லம் ரயில்ல போற ஒரு தாசில்தார் வாங்கிட்டுப் போயிட்டாராம். ஓடிப் போய் ரயில்ல ஏறினேன். அந்த மனுசன் கடலையைத் தின்னு முடிச்சு, பேப்பரை ஜன்னல் வழியா எறியுதாரு. ரயிலு பாலத்து மேல போகுது. குதிச்சிட்டேன்."

"ஆத்துக்குள்ளயா?"

"ஆத்துல எங்கவே தண்ணி? நடு ஆகாசத்துல பக்கத்தை எட்டிப் பிடிச்சு, அதுமேலயே சம்மணம் போட்டு உக்காந்து, பைய எறங்கினேன். அதான் சொன்னம்லா, பழைய காகிதம் கீழ விழாது."

அடுக்களையிலிருந்து மதினி எட்டிப் பார்த்தார். "கடலை தின்னது மெய்தான். வயித்தால போனதையும் சொல்லுங்க."

"வயிறு போனா திரும்ப வரும். பக்கம் போனா வருமாட்டி?"

"அப்படி அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அதை எப்படிப் படிக்க? விரிச்சா ஒடிஞ்சிரும்லா!" என்று அண்ணாச்சி புத்தகத்தைத் துணியில் சுற்றிவிட்டார். கையோடு ஒரு நீளத் தாளை எடுத்தார். "இதுக்கு முன்னால அதெல்லாம் தூசி. இது பிழைதிருத்தம். புத்தகம் கிடையாது, பிழைதிருத்தம் மட்டுந்தான். அந்தப் புலவர் அவ்வளவு சுத்தக்காரர். அச்சடிச்ச பொறவு ஒவ்வொரு எழுத்தா திருத்தினாரு, ஒவ்வொரு வரியா திருத்தினாரு. கடைசியில புத்தகமே பிழைன்னு அதையும் நீக்கிட்டாரு. இதைப் பாக்கதுக்குன்னே லண்டன்ல இருந்து ஒரு துரை வந்தான். பாத்ததும் இந்தத் தரையில விழுந்து அழுதான். எங்க ஊர்ப் பாலத்தைப் பேத்துக் கப்பல்ல அனுப்புதேன், இதைக் குடும்னான். தாமிரபரணிக்குப் பாலம் இருக்குடே, போய்ட்டு வான்னு காப்பி குடுத்து அனுப்பிட்டேன்."

"ஆமா, ஒரு ஆள் வந்தான்" என்றார் மதினி. "கரண்டு ரீடிங் எடுக்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச்சை மாற்ற நினைத்து, "இவ்வளவு பழைய காகிதத்தைக் கரையான் அரிக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டிருக்கவே கூடாது.

"அரிக்காமயா? ஆனா எதைத் தின்னுச்சுங்கதுதான் விசயம். முதல்ல பழைய பஞ்சாங்கத்தைத் தின்னுச்சு. தின்ன நாள்ல இருந்து ராகுகாலத்துல ஒரு எழுத்தைத் தொடாது. அமாவாசைன்னா கூட்டத்தோட பட்டினி. நல்ல முகூர்த்தமாப் பாத்து, வாஸ்து பாத்து, வடகிழக்கு மூலையில இருந்துதான் அரிக்கத் தொடங்கும்."

வீட்டுக்காரர் வடகிழக்கு மூலைக்குப் போய், சுவரில் பதித்திருந்த மரக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லாதது போல டொக்கென்று கேட்டது. "அப்ப என் கட்டையில கரையான் இருக்கு!"

அண்ணாச்சி திடுக்கிட்டுப் போனார். ஆனாலும் ஒரு கணந்தான்.

"இருந்துதுன்னுல்லா சொல்லுதேன்! பஞ்சாங்கம் முடிஞ்சதும் சமையல் புத்தகத்துல ஏறிச்சு. அல்வாப் பக்கம் வந்ததும் நாக்கு ஊறிட்டு. இந்தக் காஞ்ச காகிதத்தை எவன் திம்பான்னு, ராணிக் கரையான் முன்னால போக, மொத்தக் கூட்டமும் வரிசையா எறங்கி ஜங்ஷனுக்கு நடந்து போயிட்டு. முருகன்குறிச்சியில டிராபிக் போலீசு கைகாட்டி வழி விட்டாரு. இப்ப அங்க ஒரு அல்வாக் கடையில சுகமா இருக்கு. தீபாவளிக்குக்கூட இந்தப் பக்கம் வரதில்ல."

"ஆவுடையப்பன், விளையாட்டுப் போதும்." வீட்டுக்காரர் குரல் ஏறியது. "நான் சொன்னது சொன்னதுதான். காலி பண்ணும்."

அண்ணாச்சி சுவரோரம் கூரையைத் தொட அடுக்கியிருந்த புத்தகங்களின் முன்னால் கையை விரித்து நின்றார்.

"காலி பண்ணுதேன்வே, உமக்குத்தான் நட்டம். இந்தச் சுவரு என்னைக்கோ செத்துப் போச்சு. பெருமழையில சாய வந்ததை நான்தான் புத்தகத்தை அடுக்கி முட்டுக் குடுத்தேன். இப்பக் கூரையைத் தாங்குதது புத்தகம். உம்ம வீடு என் புத்தகத்துல குடியிருக்கு! ஒண்ணே ஒண்ணை உருவும், கட்டடம் கீழ வரும்."

"எந்த ஒண்ணு?"

"எதுன்னாலும்."

வீட்டுக்காரர் அண்ணாச்சியை ஒதுக்கிவிட்டு, கைக்கு எட்டிய ஒரு தடித்த சிவப்பு அட்டையைப் பிடித்து இழுத்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மேலே இருந்த ஒன்று சரிந்தது. அடுத்தது அதைத் தள்ளியது. அடுக்கு மொத்தமும் மூட்டை அவிழ்ந்த நெல் மாதிரி எங்கள் முழங்கால் வரை வந்து கொட்டியது. தரை அதிர்ந்தது. கீழே தொப்பென்று ஒரு சத்தம், கூடவே என் மனைவி கோமதியின் அலறல். ஓடிப் போய்ப் படியில் நின்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை காரை விழுந்தது அவள் தலையணையில்.

"பாத்தீரா! சொன்னனா இல்லையா!" அண்ணாச்சி கையைத் தட்டினார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னபடியே ஒன்று நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. கீழே கிடந்ததைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, மடங்கிய மூலையை நீவி நீவி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுகளைப் பிரிச்சுப் போட்டா நான் என்னவே செய்வேன்?" என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்காரர் சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். அதற்குள் தலையெல்லாம் சுண்ணாம்போடு கோமதி படியேறி வந்துவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அண்ணாச்சி புத்தகத்தோட கீழ வரட்டும். நாங்க மேல வந்துக்கிடுதோம். எங்களுக்கு ரெண்டு தலையணைதான் இருக்கு."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், புத்தகக் குவியலைப் பார்த்தார். "தரைக்குக் கீழ மண்ணுதான். அதுக்கும் கீழ போகாதுல்லா?" என்று கேட்டுவிட்டு, கட்டையை மாற்ற ஆள் அனுப்புவதாகச் சொல்லி இறங்கினார்.

புத்தகங்களை இறக்கிய நாட்களில் அண்ணாச்சி படியின் உச்சியில் நின்று, எதை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் கொஞ்சம் சுமந்தேன். பாதிக்கு மேல் சுமந்தது மதினிதான்.

போன வாரம் அண்ணாச்சியைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நான் மாடிப்படியில் இறங்கும்போது அண்ணாச்சி குரல் கேட்டது.

"நான் மாடியிலதான் படுத்தேன் சார். விடிஞ்சு கண்ணு முழிச்சா கீழ் வீட்டுல கிடக்கேன். அத்தனை புத்தகமும் அலமாரியோட, ஒரு தாள் மடங்காம, படிப்படியாத் தானே எறங்கி வந்துட்டு!"

பேராசிரியர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "மெய்யாவாம்மா?" என்று கேட்டார்.

சுவரைப் பிடித்துப் பிடித்துக் காப்பி கொண்டுவந்த மதினி டம்ளரை வைத்தார்.

"தானாத்தான் எறங்கிச்சு. என் இடுப்புதான் இன்னும் நிமிர மாட்டேங்கு."