ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

“ஓய்வுநாளில் எங்க வீட்டு அடுப்பே எரியாது” என்று தோட்ட முதலாளி அதிசயராஜ் வேதக்கோயிலில் வாராவாரம் சாட்சி சொல்வார். அந்த நேரத்தில் சமையல்காரி ஞானப்பூ அவர் வீட்டு அடுப்பைத்தான் ஊதிக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்: “நாளைக்குப் போதகர் சாப்பிட வர்றார். சோறு சுடச்சுட இருக்கணும். ஆனா அடுப்பு எரிஞ்சது தெரியக்கூடாது.”

“சரி முதலாளி” என்றாள் ஞானப்பூ.

மறுநாள் ஆராதனையில் முன்வரிசையில் அவளைப் பார்த்ததும் முதலாளிக்குச் சாட்சி பாதியிலேயே தடுமாறியது. போதகரோடு வீட்டுக்கு வந்தால், மேசையில் பழைய சோறும் முந்தின நாள் மீன் குழம்பும்.

“சுடுசோறு எங்கே?” என்று பல்லைக் கடித்தார்.

“நீங்க கோயில்ல சொல்றதை நான் பொய்யாக்கலாமா, முதலாளி? உங்க தயவுல ரொம்ப வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பிரசங்கம் கேட்டேன்.”

போதகருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குழம்பு வாசனையை இழுத்துக்கொண்டே, “ஜெபத்தை நீயே பண்ணும்மா” என்றார்.

ஞானப்பூ கண்ணை மூடினாள். “ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். இனி எல்லா ஞாயிறும் முதலாளி எனக்குத் தரப்போற ஓய்வுக்காகவும் ஸ்தோத்திரம்.”

“ஆமென்” என்றார் போதகர், முதலாளியைப் பார்த்துக்கொண்டே.

முதலாளியும் சொல்லித்தானே ஆகவேண்டும்.