பூவலிங்கமும் அடைக்கோழியும்

கண்மாய்க்கரை மடத்தில் தியானத்துக்கு உட்கார்ந்தால் பூவலிங்கத்துக்கு ஒரு கண்தான் மூடும். இன்னொன்று, ஏதாவது நடக்கிறதா என்று காவல் பார்க்கும்.

நெற்றி நடுவில் ஜோதி தெரியும், முகம் தகதகவென்று மின்னும் என்று யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள். அதை அவன் பொண்டாட்டியிடம் சொன்னான். அவள் ஊருக்கே சொல்லிவிட்டாள். இனித் திருவிழாவுக்கு வெறும் மூஞ்சியோடு போய் நின்றால் மானம் போய்விடும்.

மடத்து அம்மாவிடம் போய் நின்றான்.

"அம்மா, இன்னும் ஒண்ணும் தெரியலையே."

"என்ன தெரியணும்?"

"ஜோதி."

"யாருக்கு?"

"எனக்கு. அப்புறம் என் பொண்டாட்டிக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். மூலையில் கூடை நிறைய மணல், அதில் முட்டைகள், இடிச் சத்தத்தில் அவை கெடாமலிருக்கக் காவலாக ஒரு கரித்துண்டும் மிளகாய் வற்றலும். மேலே மடத்துக் கோழி அடை படுத்திருந்தது.

"பொரிக்கிற வரைக்கும் இவளுக்குத் தண்ணியும் தவிடும் வை. பிறகு ஜோதியைப் பேசுவோம்."

பூவலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளுமா? மறுநாளே கோழியைத் தூக்கிப் பார்க்கப் போனான். விரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"கொத்திட்டா அம்மா!"

"நல்லவேளை. உனக்குள்ள கொத்த ஆளில்லை. அதான் நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்கிறே."

கோழிக் குஞ்சு பொரிக்கிற கெடுவும் தாண்டியது. ஒரு கீச்சுச் சத்தம் இல்லை.

"அத்தனையும் கூமுட்டை அம்மா. எழுப்பி விட்டுடலாம்."

"அவ எழுந்திரிச்சாளா?"

"இல்லை."

"அப்ப நீ ஏன் எழுந்திரிக்கிறே?"

ஒரு வாரம் போல ஆனது. காலையில் அடுப்படியிலிருந்து அலறினான். "அம்மா! பொரிச்சிருச்சு! குஞ்சுக்கு மூக்கு தட்டையா இருக்கு! காலு ஜவ்வா இருக்கு!"

"வாத்து முட்டைதானே வச்சேன். நம்ம வாத்துக்கு அடை படுக்கத் தெரியாதே."

"ஐயோ, கோழியை ஏமாத்திட்டீங்களே!"

"அவகிட்டயே கேளு."

ரெண்டு நாளில் குஞ்சுகள் நேரே கண்மாயில் இறங்கின. கோழி கொக்கரித்துக்கொண்டு கரையில் இங்கும் அங்கும் ஓடியது. குஞ்சுகள் ஈரத்தோடு கரையேறி வந்தபோது றெக்கையை விரித்து, ஒன்று விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

பூவலிங்கம் தலையைச் சொறிந்தான்.

"திருவிழா வருதே அம்மா. வீட்ல கேட்டா என்ன சொல்ல?"

"அடையில இருக்கேன், என்ன குஞ்சுன்னு எனக்கே தெரியலைன்னு சொல்லு."