ஒரே திரைக்குள் எல்லா ஆப்ஷனும்

கோயம்புத்தூரில் பம்பு மோட்டார்களைச் சோதிக்கும் ஒரு புரோகிராமை ஞானசிகாமணி 'சி' என்னும் கணினி மொழியில் எழுதியிருந்தார். 'ஹெல்ப்' என்று தட்டினால் அதன் ஆப்ஷன்களுக்கு விளக்கம் வரும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பத்தி எழுதியிருந்ததால், படிப்பதற்குள் எல்லாம் திரையில் மேலே ஓடி மறைந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த சௌந்தரியை அழைத்தார்.

"எல்லா ஆப்ஷனும் ஒரே திரைக்குள்ள வரணும். ஆனா நான் எழுதினதுல ஓர் எழுத்துகூடக் குறையக்கூடாது. முடிச்சாத்தான் வேலை நிரந்தரம்."

மறுநாள் காட்டினாள். இடப்பக்கம் ஆப்ஷன்கள் நேராக நிற்க, வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வரி.

"நான் எழுதினதெல்லாம் எங்கே?"

"அப்படியே இருக்குதுங்க சார். கடைசி வரியப் பாருங்க."

'முழுவிளக்கம்' என்றொரு புது ஆப்ஷன் இருந்தது. எதிரே, 'நேரம் இருப்பவர்களுக்கு' என்று போட்டிருந்தாள்.

ஞானசிகாமணி விறைப்பாக அதைத் தட்டினார். தாம் எழுதியதை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியவர், பாதியில் கொட்டாவி விட்டார். சௌந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நீளந்தான்," என்று அவரே சிரித்துவிட்டார். "நிரந்தர ஆர்டரை நீயே டைப் பண்ணிக்கோ கண்ணு. நான் எழுதினா நாலு பக்கம் போகும்."