மூச்சு வாங்கும் இடம்

“டீச்சர், எனக்கு வேற ஆள் வேணும்,” என்றார் வேதமாணிக்கம்.

சுகிர்தா டீச்சர் பாட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி?”

“என் இடப்பக்கத்துல நிக்கதுக்கு.”

டீச்சர் பகலில் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சர்ச் ஹாலில் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். வேதமாணிக்கம் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனாலும் பாட்டு என்று வந்துவிட்டால் அவருக்கு டீச்சர் சொன்னதுதான் சட்டம். மற்ற எல்லாவற்றிலும் வேதமாணிக்கம் சொன்னதுதான் சட்டம்.

குழுவில் பத்தொன்பது பேர். பேங்க் கேஷியர், நர்ஸ், பேக்கரிக்காரர், பஸ் கண்டக்டர். முறையாகப் பாட்டுப் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. டிசம்பரில் மூன்று இடங்களில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. முதலாவதுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

கடைசிப் பாட்டின் கடைசி வார்த்தை ஆமென். சிக்கல் அதில்தான்.

மேலே பெண்களின் குரல்கள் ஏறி இறங்கி விளையாடும். அடியில், அடிக்குரல்காரர்கள் இரண்டு பேர் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு எண்ணும்வரை பிடித்து நிற்க வேண்டும். ஒரே மூச்சில் அது யாராலும் ஆகாது. அதனால் ஓர் ஏற்பாடு உண்டு. இடப்பக்கத்து ஆள் ஆறில் மூச்சு வாங்குவார். வலப்பக்கத்து ஆள் ஒன்பதில் வாங்குவார். ஒருவர் வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்குச் சுரம் அறுந்தது தெரியாது, ஏனென்றால் அது அறுவதே இல்லை.

இருபத்தேழு வருசம் வலப்பக்கத்தில் வேதமாணிக்கம் நின்றார். இடப்பக்கத்தில் சைக்கிள் கடைத் தங்கையா நின்றார்.

போன வருசம் சுரம் ஆறில் ஒடிந்தது. சபை முழுக்கக் கேட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்கும் டீயுமாக நின்ற இடத்தில், வேதமாணிக்கம் சத்தமாகக் கேட்டார். “மூச்சு இல்லாதவனுக்குக் கொயர்ல என்னல வேலை? வீட்டுல போய்ப் படு.”

தங்கையா இருமினார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். போனவர் திரும்பி வரவில்லை.

பதினொரு மாதம் ஆகிவிட்டது.

“யாரு வேணும்?” என்றார் டீச்சர்.

“யாரா இருந்தா என்ன. மூச்சுள்ளவனா இருக்கணும்.”

டீச்சர் பேங்க் கேஷியரை இடப்பக்கத்தில் நிறுத்தினார். பாடினார்கள். சுரம் ஆறில் ஒடிந்தது.

“பாத்தியளா டீச்சர்?” என்றார் வேதமாணிக்கம். “மூச்சு வாங்கப் போனவன் அங்கயே குடியிருந்துட்டான்.”

மறுநாள் டீச்சர் நர்ஸை நிறுத்தினார். இளவயதுப் பையன். நெஞ்சு பீரோ மாதிரி. சுரம் ஆறில் ஒடிந்தது.

“இவனும் சரியில்ல.”

“இவர் ஆறுல வாங்கலாம் அண்ணாச்சி. தாள்ல அப்படித்தான் இருக்கு.”

“வாங்கட்டும். வாங்கிட்டு டக்குன்னு வரணும்லா?”

“அவர் வர்றதுக்குள்ள நீங்க எங்க இருந்திய?”

“நான் பாடிட்டுல்லா இருந்தேன்!”

டீச்சர் தாளை மடக்கினார்.

பாட்டு முடிந்ததும் வேதமாணிக்கம் இடப்பக்கம் திரும்பினார். அது பழைய வழக்கம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தங்கையா காதில் ஏதாவது ஒரு கேலி சொல்வார். பெரும்பாலும் டீச்சரைப் பற்றி. தங்கையா உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்குவார். இப்போது அங்கே நர்ஸ் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். வேதமாணிக்கம் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு முன்பக்கம் திரும்பினார்.

அவருக்குத் தங்கையா வேண்டும். அதைச் சொல்லத் தெரியாமல்தான் ஆள் சரியில்லை, ஆள் சரியில்லை என்று டீச்சரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் டீச்சர் சொன்னார். “இன்னும் ஒரு வாரம் பாப்போம். சரியா வரலைன்னா அந்தப் பாட்டை விட்டுருவோம்.”

“விடவா? இருபத்தேழு வருசமாப் பாடுத பாட்டு டீச்சர்.”

“ஒடியுதுலா?”

“நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யுதேன்.”

டீச்சர் தாளைக் கீழே வைத்தார்.

“காலைல வாக்கிங் போவியளா?”

“போவேன்.”

“கீழத்தெரு முக்குல தபால் பெட்டி இருக்குலா? அங்க நின்னு நல்லா மூச்சை இழுங்க. அந்தச் சுரத்தை வாயை மூடி முனங்கிக்கிட்டே மெதுவாத் தெருக்குள்ள நடங்க. மூச்சு எங்க தீருதோ, அங்க நின்னு திரும்பி வந்துருங்க. தீந்த இடத்தை எனக்குச் சொல்லுங்க.”

“கீழத்தெருவா?”

“கீழத்தெருதான்.”

“வேற தெருவுல நடந்தா ஆகாதா?”

“ஆகாது.”

கீழத்தெருவில், தபால் பெட்டியிலிருந்து ஏழாவது வீடு தங்கையாவுடையது. பச்சை கேட். இது டீச்சருக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியும் என்பது வேதமாணிக்கத்துக்கும் தெரியும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

மறுநாள் சாயங்காலம் வந்து சொன்னார். “மாவு மில்லு.”

“அது எத்தனாவது?”

“மூணாவது.”

“சரி. நாளைக்கும் போங்க.”

அடுத்த நாள்: “மாவு மில்லு தாண்டி ஒரு நாலடி.”

“சரி.”

அதற்கடுத்த நாள்: “தையல் கடை. நாலாவது. டீச்சர், தையல்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கான். அண்ணாச்சி வாயில வண்டு புகுந்துட்டோங்கான்.”

“சிரிக்கட்டும்.”

“மூச்சுக்கு என்ன குறைச்சல் எனக்கு? ஒன்பது வரைக்கும் அசையாம நிக்கவன் நான். குறைச்சல் பக்கத்தாளுக்கு. அவனையில்லா நடக்கச் சொல்லணும்?”

“ஒன்பது வரைக்கும் நிக்கியளோ?”

“இருபத்தேழு வருசமா.”

“அப்பொ தையல் கடையில ஏன் நின்னிய?”

வேதமாணிக்கம் போய் வலப்பக்கத்தில் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அவர் பெஞ்சிலேயே இருந்தார்.

“முடியல டீச்சர்,” என்றார். “அந்த நாலாவது வீட்டுக்கு மேல மூச்சு ஓடல. அந்தத் தெருவுல நடந்தா நெஞ்சு அடைக்கி. அவன் உள்ள இருப்பான். இருமுத சத்தம் கேக்கும். எத்தன தடவ அந்த கேட்டைத் தள்ளிட்டு உள்ள போயிருப்பேன். இப்பொ திருட்டுப்பயல் மாதிரி பாதித் தெருவுல நின்னு திரும்புதேன்.”

டீச்சர் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பாட்டுத்தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

“இது யார் தாளு?”

“போன வருசம் இடப்பக்கத்து நாற்காலியில கிடந்தது.”

வேதமாணிக்கம் கண்ணாடியை மாட்டினார். கடைசிப் பக்கம். கடைசி வரி. ஆமென்.

ஆறுக்கு மேல் பென்சிலில் மூச்சுக்குறி போட்டிருந்த இடம் அழிக்கப்பட்டிருந்தது. அழித்து அழித்துக் காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது. ஒன்பதுக்கு மேல் புதிதாக ஒரு குறி. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி.

‘மாணிக்கம் ஆறில் வாங்குகிறான். நான் ஒன்பது வரை.’

கீழே தேதி. தங்கையா எதற்கும் தேதி போடுகிறவர். சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டால்கூட அதன்மேல் தேதி எழுதுவார்.

எட்டு வருசத்துக்கு முந்தின தேதி.

வேதமாணிக்கம் அந்த வரியை விரலால் தடவினார். ஆறு என்று எண்ணிப் பார்த்தார். தனக்குத்தானே மெல்லப் பாடிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறில் அவருடைய தோள் லேசாக மேலே ஏறியது. வாய் கொஞ்சம் திறந்தது. காற்று உள்ளே போனது.

அதை அவர் முதல்முறையாகக் கவனித்தார்.

தாளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு எப்பவே தெரியுமா?”

“கணக்கு டீச்சர்கிட்ட எண்ணிக்கை தப்பினா தெரியாதா அண்ணாச்சி?”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு தங்கையா அண்ணாச்சி சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க வெக்கப்படுவியளாம்.”

“போன வருசம்?”

“அவங்களுக்கு அந்த வாரம் பூரா காய்ச்சல். வராதிய, படுத்திருங்கன்னேன். நான் வரலைன்னா ஆறுல ஒடிஞ்சுரும் டீச்சர்னு வந்தாங்க.”

வேதமாணிக்கத்துக்கு டீ டம்ளர் ஞாபகம் வந்தது. பாதி குடித்த டம்ளர். அதைத் தங்கையா சத்தம் வராமல் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

“நான் இப்பொ என்ன செய்யட்டும் டீச்சர்?”

“காலைல வாக்கிங் போவியள்ளா?”

மறுநாள் காலை தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. மூச்சை இழுத்தார். முனங்கத் தொடங்கினார். நடந்தார்.

மாவு மில். ஷட்டர் பாதி திறந்திருந்தது.

தையல் கடை. தையல்காரர் சிரிக்க வாயெடுத்தார். அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாவது வீடு. நாய் ஒன்று எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஆறாவது வீட்டு வாசலில் நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. பச்சை கேட் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் பத்தடி. சுரம் நூலாகி, நூலும் இற்றுப்போய், தீர்ந்தது.

தீரவில்லை.

பச்சை கேட்டுக்கு உள்ளேயிருந்து அதே சுரம் வந்துகொண்டிருந்தது. கரகரப்பாக, தாழ்வாக, அசையாமல்.

வேதமாணிக்கம் தெருவில் நின்றபடி மூச்சு வாங்கினார். அவசரமே இல்லாமல் வாங்கினார்.

உள்ளே இருமல் கிளம்பியது. சுரம் தடுமாறியது.

அவர் எடுத்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே பத்தடியும் நடந்தார். கேட்டைத் தள்ளினார்.

தங்கையா முற்றத்து நாற்காலியில் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு இருந்தார். மெலிந்திருந்தார். இருமி முடிக்கும்வரை வேதமாணிக்கம் சுரத்தை விடவில்லை.

“ஏல, மூணு நாளாப் பாதித் தெருவோட திரும்பிட்டு இருந்தியே,” என்றார் தங்கையா. “இன்னைக்கு என்ன வந்தது?”

“தினமும் கேட்டியா?”

“காது நல்லாத்தான் இருக்கு. அஞ்சரைக்கே எழுந்து உக்காந்திருப்பேன். இன்னைக்காவது வந்துருவான்னு.”

வேதமாணிக்கம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். தங்கையா அதைப் பார்த்தார். வாங்கவில்லை.

“டீச்சர் பேச்சு மாறிட்டாவளா?”

“டீச்சரா ஒண்ணும் சொல்லல. தாளைத்தான் குடுத்தாவ.”

“எட்டு வருசமா மறைச்சு வச்சிருந்தேன்.”

“தெரியுது. தேதி போட்டிருக்கல்லா.”

தங்கையா சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகிவிட்டது. வேதமாணிக்கம் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். வழியெல்லாம் முனங்கிக்கொண்டு வந்ததில் அதைச் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

“அஞ்சு மணிக்குப் பிராக்டிஸ்,” என்றார்.

“நான் வந்து என்னல செய்ய? நெஞ்சுல சளி இறங்க மாட்டேங்கு. ஒன்பது வரைக்கும் இனிமே என்னால நிக்க முடியாது, மாணிக்கம்.”

“உன்னை யாரு நிக்கச் சொன்னா?”

“பின்ன, ஆறுல யாரு வாங்குவா?”

“நீ.”